பால் ஒத்துக்காத குட்டி

நம் வயதுக்காரர்களுக்கு வயிறு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டதும், பக்கத்து இலைக்காரர் எதை ஒதுக்குகிறார் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறோம். ஒருவர் பாயசத்தைத் தள்ளி வைத்தால் நமக்கும் தைரியம் வந்துவிடுகிறது. ஆகவே ஒரு வயிற்றைப் பற்றி எழுதினால் நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஒரு பூனைக்குட்டியின் வயிறு. உள்ளங்கையில் அடங்கிவிடும். இன்னொரு வயிறும் இதில் வருகிறது. அது தன் நேரத்துக்கு வரட்டும்.

போன மழையில், தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டி வந்து ஒண்டியது. கீழ்வீட்டுக்காரர் இரக்கப்பட்டு ஒரு கிண்ணம் பால் வைத்தார். விடிந்து பார்த்தால் படியெல்லாம் நாசம். துண்டில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சின்னப் பெண். குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நேராக என்னைப் பார்த்தாள்.

"பால் குடுத்தீங்களாம்மா?"

"நான் குடுக்கலம்மா. குடுத்தவர் கீழ்வீட்டுல இருக்கார். நல்ல மனுஷன்."

சிரித்தாள். நொந்த வயிற்றுக்கென்றே வரும் பூனைத் தீனிப் பொட்டலம் ஒன்றைக் காட்டினாள். விலையைப் பார்த்ததும் பொட்டலத்தை அவள் பக்கமே நகர்த்தினேன். அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். "கட்டுப்படி ஆகாதுன்னா வீட்டுலயே பண்ணலாம்மா. மீனோ கோழியோ, உப்பு காரம் வெங்காயம் ஒண்ணும் இல்லாம வேக வெச்சு, முள்ளு எலும்பு எடுத்துட்டு, கொஞ்சம் குழைஞ்ச சோறோட…"

"தெரியும்மா. எங்க அத்தை பண்ணுவாங்க."

"அவங்க நிறைய பூனை வளர்ப்பாங்களோ?"

"அவங்க சைவம்மா. முட்டை கூடத் தொட்டதில்ல."

அந்தப் பெண்ணின் புருவம் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. வெளியே வரிசையில் ஒரு கன்றுக்குட்டி காத்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

*

நான் பாவாடைச் சிறுமியாக இருந்த ஒரு வருஷம், கோடை ஆற்றை வெறும் மணலாக்கி வைத்திருந்தது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். காவிரி என்று நாங்கள் சொன்னது ஒரு பெரிய வெள்ளை மௌனத்தை. அதில் வெயில் நடந்து போவது கண்ணுக்குத் தெரியும். மதகுக்குக் கீழே மட்டும் ஒரு குட்டை, பச்சையாக, இமை மூடாத கண் மாதிரி கிடந்தது. ஊரில் யாரை யார் பார்த்தாலும் ஒரே கேள்வி: "எப்ப தொறக்கிறாங்களாம்?" மேட்டூரில் திறந்து, கல்லணைக்கு வந்து, அங்கே திறந்தால் எங்களுக்குத் தண்ணீர். குறுவை நடவுக்கு எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு வானத்தையும் மேற்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்த ஊரில் நான்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு பால் வீடு. கொல்லைக் கொட்டிலில் மாடுகள், அடுப்பில் எப்போதும் ஒரு பால் சட்டி, வாசல் வரைக்கும் காய்ந்த ஆடையின் மணம். பால் கறக்க ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. இடுப்பில் ஒடுக்கு விழுந்து, உள்ளே ஈயம் பூசி, கறக்கும்போது முதலில் ணங் ணங் என்றும், நிறைய நிறைய சொர் சொர் என்றும் பேசும். பின்னாளில் எவர்சில்வர்காரன் வந்து வாங்கிப்போனான். அந்தச் சத்தத்தையும் சேர்த்தேதான் கொண்டுபோனான். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பால்தான் மருந்து. காய்ச்சலா, பால். தூக்கம் வரவில்லையா, பால். பரீட்சையா, பால். மாடு கன்று போட்டால் சீம்பால் கிண்டித் தெருவுக்கே கொடுத்துவிடுவாள் அம்மா.

பூனைக்கும் பால் சோறுதான். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. நெல் வாங்க வருபவர்களிடம், உர மூட்டை இறக்க வருபவர்களிடம், யாரிடம் பேசினாலும் அது வந்துவிடும்.

"நம்ம வீட்டுப் பூனை சைவங்க. எலியைக் கூட மோந்து பாக்காது."

நெல் வீட்டில் எலி பிடிக்காத பூனை எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பழைய பூனை தினமும் மத்தியானத்தில் எங்கோ போய்விட்டு, மீசையை நக்கிக்கொண்டு திரும்பி வரும். "எவ்வளவு சுத்தம் பாரு" என்பார் அப்பா.

பூதலூர் ரோட்டில் பஸ் அடித்து அந்தப் பூனை போய்ச் சேர்ந்தது. வைக்கோல் போரில் ஒரே ஒரு குட்டி மிஞ்சியது. சாம்பலும் வெள்ளையும். குரல் மட்டும் உடம்பைவிடப் பெரியது. தாயில்லாக் குட்டி என்று வீடே உருகியது. அம்மா பால் வைத்தாள். குட்டிக்கு வயிறு போனது. இளைத்துவிட்டதே என்று இன்னும் கொஞ்சம் பால் வைத்தாள். இன்னும் போனது. பாவம், தெம்பில்லை என்று கெட்டிப் பாலாகவே வைத்தாள். அந்த சமயம் பார்த்து ஒரு மாடு கன்று போட, அதற்குச் சீம்பாலும் கிடைத்தது. அன்றைக்குக் குட்டியின் பின்பக்கத்தை நீங்கள் பார்த்திருந்தால் பாயசத்தை இன்னும் தூரமாகத் தள்ளி வைப்பீர்கள்.

இதையும் பொறுத்துப் போயிருப்பார்கள். விதை மூட்டைதான் வினை. போர்செட் தண்ணீரில் நாற்று விட, விதைநெல்லை ஊற வைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி, கூடத்து மூலையில் முளைக்கப் போட்டிருந்தார் அப்பா. முளைக்கிற நெல் சூடாக இருக்கும். கையை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. தாயில்லாத குட்டிக்கு அந்தச் சூடு போதாதா? மூட்டை மேல் ஏறிச் சுருண்டு படுத்தது. படுத்த இடத்திலேயே வயிறு போய்விட்டது. சாக்கில் வழிந்து, வெள்ளை முளை விட்ட நெல்லுக்குள் இறங்கிவிட்டது.

அப்பா கத்தவில்லை. சாமி மாடத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி மூட்டைக்கு முன்னால் நின்றார். பிறகு சொன்னார்: "தண்ணி வரப் போவுது. வர்ற அன்னிக்கு இதை அக்கரையில விட்டுடறேன்."

எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனையை அப்படித்தான் விடுவார்கள். சும்மா விட்டால் மணலில் நடந்து திரும்பி வந்துவிடும். அதனால் ஆற்றில் தண்ணீர் வரப்போகிற நாளாகப் பார்த்து, சாக்கில் போட்டு, மணல் வழியே அக்கரை கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வேகமாகத் திரும்பிவிடுவார்கள். பின்னாலேயே தண்ணீர் வந்து வழியை மூடிவிடும். ஊரே பூவோடும் கற்பூரத்தோடும் காத்திருந்த தண்ணீர், என் குட்டிக்கு அடைக்கிற கதவு. நான் ஏன் அப்படி வேண்டிக்கொண்டேன் என்று இப்போது புரிகிறதா?

*

அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. பி.எட். முடித்துவிட்டு வேலைக்கு உத்தரவு வரும் என்று காத்திருந்தாள். உத்தரவு வருவதற்கு முன்பே ஊர் அவளை டீச்சர் ஆக்கிவிட்டது. ஒல்லி. கொஞ்சம் பேச்சு, நிறைய பார்வை. சாப்பிட்டு எழுந்தால் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். "பயந்த வயிறு" என்பாள் அம்மா. பெண் பார்க்க வருகிற நாளில், தெம்பாக இருக்கட்டும் என்று அவளுக்கு ஒரு பெரிய டம்ளர் பால் கொடுப்பார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து, பலகாரம் வைத்து, அவளைக் கூப்பிடும்போது அத்தை கொல்லையில் இருப்பாள். காத்திருந்து பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு இஷ்டமில்ல போலிருக்கு" என்று எழுந்து போய்விடுவார்கள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சொல்வார்: "வெறும் வயிறு, அதான். ஒரு டம்ளர் பால் குடு அவளுக்கு."

ஒரு நாள் காலை, கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மாட்டின் முழுப் பாலையும் குடித்துத் தீர்த்துவிட்டது. மற்ற மாடுகளின் பால் சொசைட்டிக்கு. வீட்டில் ஒரு சொட்டு இல்லை. அம்மா புலம்பிக்கொண்டே எல்லாருக்கும் நீராகாரம் கொடுத்தாள். குட்டிக்கு நொய்க் கஞ்சி வடித்த தண்ணீர், கொட்டாங்குச்சியில். நக்கிக் குடித்துவிட்டுச் சாம்பல் மேட்டில் வெயில் காய்ந்தது.

மத்தியானம் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாம்பல் மேட்டில் குட்டி தோண்டி மூடியிருந்த இடத்தைக் குச்சியால் விலக்கினாள்.

"பாத்தியா? இறுகியிருக்கு."

"ஐயே, அத்தை!"

"சும்மா இரு. இன்னிக்கு அது பால் குடிக்கல. வயிறு போகல." குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னாள்: "நானும் இன்னிக்குப் பால் குடிக்கல. எனக்கும் வயிறு இரையல."

சாம்பல் மேட்டில் காற்று கிளம்பியது. எனக்கு அப்போது அது ஒன்றும் பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை. ஒரு மனுஷிக்குத் தன் உடம்பு யார் என்று தெரிந்துபோன நிமிஷம் அது. ஒரு பூனை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதை ஏற்றுக்கொள்ள அவளுக்கு வெட்கமே இல்லை. நினைத்துப் பார்க்கிறபோதெல்லாம் இதற்காகவே அவளைக் கும்பிடத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து குட்டிக்குப் பால் கொட்டாங்குச்சியில் விழும். அம்மா திரும்பியதும் அத்தை அதை எடுத்து வாழைக்கு ஊற்றிவிடுவாள். பதிலுக்கு நொய்க் கஞ்சி. வயிற்றுப்போக்கு நின்றது. ஆனால் குட்டியால் நிற்க முடியவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். கத்துகிற குரலும் சின்னதாகிக்கொண்டே வந்தது. பொட்டுக்கடலை மாவைக் கரைத்து வைத்தோம், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பருப்புத் தண்ணீர்; ஒரு நக்கு, அவ்வளவுதான். வாழைப்பழத்தை மசித்து வைத்ததும் எங்களை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

"வேற என்னதான் திங்கும் இது?" அத்தை மோவாயில் கை வைத்தாள்.

"அத்தை, அம்மாப் பூனை மதகடியில மீன் தின்னும்."

"எப்ப?"

"எப்பவும்தான். மத்தியானம் போகுமே. நான் பாத்திருக்கேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அண்ணன்கிட்ட சொல்லிடாதே. மனசு ஒடிஞ்சு போயிடும்."

*

இரண்டு சைவக்காரிகள் மீன் பிடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மதகுக் குட்டையில், முழங்காலளவு பச்சைத் தண்ணீரில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை ஒரு பக்கம், நான் மறுபக்கம், நடுவில் விரித்துப் பிடித்த ஒரு பருத்தித் துண்டு. காலடியில் சேறு வெதுவெதுவென்று விரல்களுக்கிடையில் பிதுங்கும். மீன் துண்டுக்குள் வந்ததும் அத்தைதான் முதலில் அலறுவாள். அலறலில் துண்டு நழுவும். மீன் போய்விடும். மீன்காரர் ஒருவர் சைக்கிளில் கூடையோடு மதகுப் பாலத்தில் போவார். எங்களைப் பார்த்ததும் ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"என்ன டீச்சரம்மா, உத்தரவு வரலைன்னு நம்ம தொழிலுக்கு வந்துட்டீங்களா?"

"பூனைக்குங்க."

"பூனைக்கா! பூனைக்குன்னு கேட்டுத்தான் முதல்ல எல்லாரும் ஆரம்பிப்பாங்க. அப்புறம் எங்கிட்டயே வாங்குவாங்க. வாங்க, வாங்க."

"போங்க நீங்க!" என்று தண்ணீரை வாரி இறைத்தாள் அத்தை. அவர் மணியடித்துக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் சொல்லவில்லை. அது அவருடைய பெரிய மனசு.

விரல் நீளக் கெண்டை கொஞ்சம் கிடைத்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் மூன்று செங்கல், உடைந்த மண்சட்டி, காய்ந்த தென்னம்பாளை. அத்தை முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். கொதி வந்து அந்த வாடை எழுந்ததும் ஓடிப்போய் வாழைமரத்தைப் பிடித்துக் குமட்டினாள். திரும்பி வந்தாள். மறுபடி குமட்டினாள். மறுபடி வந்தாள். உப்பு போடலாமா என்று நான் கேட்டதற்கு, "ஆத்துல இதுக்கு யாரு உப்பு போட்டா?" என்றாள். அடுத்ததுதான் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிற இடம். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத அந்த விரல்கள், பூ கட்டுகிற அந்த மெல்லிய விரல்கள், ஆறிய மீனை எடுத்து முள்ளை ஒவ்வொன்றாக உருவின. கண்ணை மூடிக்கொண்டு, நுனி விரலால் தடவித் தடவி. "தொண்டையில மாட்டிடுமே" என்று சொல்லிக்கொண்டே. நொய்ச் சோற்றோடு பிசைந்து கொட்டாங்குச்சியில் வைத்தாள்.

குட்டி மோந்தது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. பிறகு தின்றுகொண்டே உறுமியது. அவ்வளவு சின்னத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு உறுமல். அத்தை சோப்பு போட்டு, புளி போட்டு, சாம்பல் போட்டுக் கை கழுவினாள். கழுவிய கையை மோந்துவிட்டு மறுபடி கழுவினாள். மறுநாளும் குட்டைக்குக் கிளம்பினாள்.

குட்டி வளர்ந்தது. முதுகு ரோமம் படிந்து பளபளத்தது. வெளிக்கி இறுகியது. தினமும் குச்சியால் விலக்கிப் பார்த்துவிட்டு அத்தை, நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத் தட்டுகிற மாதிரி அதன் தலையைத் தட்டுவாள்.

*

ஒரு காலையில் அப்பா சாக்கை உதறுகிற சத்தத்தில் எழுந்தேன். கல்லணையில் திறந்துவிட்டார்கள், தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. தெருவில் ஆட்கள் பூவோடு போய்க்கொண்டிருந்தார்கள். நான் குட்டியைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டிலில் நின்றேன்.

"குடு பாப்பா. அப்பாவுக்கு நேரமாச்சு."

அத்தை நடுவில் வந்தாள். "அண்ணே, ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

"எங்க?"

"வாங்களேன்."

சாம்பல் மேட்டுக்குக் கூட்டிப்போனாள். நானும் குட்டியோடு பின்னாலேயே போனேன். குச்சியை எடுத்து விலக்கினாள். "பாருங்க."

என் அப்பா, ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள், அந்த மனிதர் இடுப்பை வளைத்துப் பூனையின் வெளிக்கியைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். அவர் விவசாயி, சாணத்தைப் பார்த்து மாட்டின் உடம்பைச் சொல்லக்கூடியவர்.

"நின்னுடுச்சே. என்ன குடுத்தே?"

"பாலை நிறுத்தினேன்."

"வெறும் பாலை நிறுத்தினதுக்கா இப்படித் தேறிச்சு?" குட்டி அப்போது பார்த்துப் பாவாடையிலிருந்து எட்டி அவர் கையை நக்கியது. அப்பா கையை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "என்ன வாடை இது?"

"மீன்."

கொட்டிலில் மாடு அசைபோடுகிற சத்தம் மட்டும். அத்தை குச்சியைக் கீழே போட்டாள். "நான்தான் பிடிச்சேன். நான்தான் வேக வெச்சேன். அடுப்படியில இல்ல, போருக்குப் பின்னால. அதுக்குப் பால் ஒத்துக்கலண்ணே. நாம பாவம் பாவம்னு அதைத்தான் ஊத்திக்கிட்டே இருந்தோம்." குரல் இறங்கியது. "எனக்கும் ஒத்துக்கல. சின்ன வயசுலேருந்து. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

அப்பா சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குட்டியை இருக்க விட்டாரா, பிறகு வந்து எடுத்துப்போவாரா, ஒன்றும் தெரியவில்லை.

ஆற்றங்கரைக்கு ஓடினோம். தண்ணீர் வந்தது. முதலில் ஒரு நுரை விளிம்பு, சருகையும் எறும்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மணலை மோந்து மோந்து வருகிற ஒரு பெரிய பிராணி மாதிரி. பிறகு ஒரு பெருமூச்சு. மணல் சீறியது. பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓட, பெண்கள் பூவை வீச, ஒரே கூச்சல். எங்கள் குட்டை எங்கே இருந்தது என்றே தெரியாமல் மூடிப்போனது. நான் அழுதேன்.

"குட்டை போச்சே அத்தை. இனிமே மீனுக்கு?"

"தெரியலடி" என்றாள் அத்தை. பொய் சொல்லிச் சமாதானப்படுத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

*

உச்சி வெயிலில் அப்பா வந்தார். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்திருந்தார். மறு கை உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரம் நீண்டிருந்தது. அதன் நுனியில் அந்தச் சாக்கு. அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ துள்ளியது. குட்டியோ என்று பதறினேன். குட்டி என் காலடியில்தான் நிற்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

வைக்கோல் போர் அருகே கொண்டுபோய்ச் சாக்கைக் கவிழ்த்தார். என் கை நீளத்துக்கு ஒரு வாளை மீன், வெயிலில் வெள்ளியாக வாலை அடித்தது. குட்டி ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு பின்னால் தாவியது.

அம்மா வாசற்படியில் வாயைப் பிளந்து நின்றாள். "என்னங்க இது! சைவ வீட்டுல!"

"வீட்டுலயா வெச்சேன்? போர்ல வெச்சேன்."

அத்தை மெதுவாகக் கேட்டாள்: "இவ்வளவு பெருசு எதுக்குண்ணே? அது உள்ளங்கை அளவுதானே இருக்கு."

"சின்னதா கேட்டா மீன்காரன் என்ன நெனப்பான்?" என்றார் அப்பா. அவருக்கு மீன் வாங்கத் தெரியாது. வாழ்நாளில் முதல்முறையாக வாங்கியிருக்கிறார்; வாங்குவதை வாங்குவோம் என்று நெல் வாங்குகிற மாதிரி வாங்கிவிட்டார். மிச்சத்தை மீன்காரரே சிரித்துக்கொண்டு வந்து எடுத்துப்போனார். அன்றிலிருந்து கழிவில் விழுகிற பொடிமீனை இலையில் சுற்றி மதகுச் சுவரில் வைத்துவிட்டுப் போவார். நம்ம வீட்டுப் பூனை சைவம் என்கிற பேச்சு மட்டும் அதோடு நின்றுபோனது.

அப்பா போர்செட்டில் தலை முழுகினார். திருநீறு பூசிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் அம்மா காப்பி கொண்டுவந்தாள். பழக்கத்தில் அத்தைக்கும் நுரை தளும்ப ஒரு டம்ளர் வைத்தாள்.

அப்பா யாரையும் பார்க்காமல், வாசலில் தெரிந்த தண்ணீர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதை அவளுக்கு வைக்காதே. கடுங்காப்பி போட்டுக் குடு. அவளுக்குப் பால் ஒத்துக்காது."

கடுங்காப்பி வந்தது. அத்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி, அடி வரைக்கும் குடித்தாள். குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கொல்லைப்பக்கம் போகவில்லை.